கீஷ் அடியில ஈரமா வருதா? எங்க சொதப்புதுன்னு பாப்போம்

கீஷ்னா, டின்ல விரிச்ச மாவுக்குள்ள முட்டை, க்ரீம் கலவையை ஊத்தி ஓவன்ல வேக வைக்கற பிரெஞ்சு பண்டம். முதல்ல அதோட பேர் பஞ்சாயத்தை முடிச்சிடுவோம். பிரான்ஸோட வடகிழக்குல இருக்கற லொரைன்தான் கீஷோட ஊர். ஆனா அங்க போய் சீஸ் போட்டதை கீஷ் லொரைன்னு சொன்னா பழைய ஆளுங்க முகம் சுளிப்பாங்க, அதுல முட்டை, க்ரீம், உப்புக்கண்டம் போட்ட பன்றிக்கறி அவ்ளோதான். க்ரூயேர் சீஸ் சேர்த்தா அது கீஷ் வோஜியென். நான் சொல்லப்போறது இந்த சீஸ் போட்ட வகையைத்தான்.

நான் முதல் தடவை பண்ணப்போ மேல பொன்னிறமா உப்பி வந்துச்சு, போட்டோல்லாம் எடுத்தாச்சு, வெட்டி தூக்கினா டீயில நனைச்ச பிஸ்கட் மாதிரி அடி மட்டும் டின்லயே ஒட்டிக்கிச்சு. பச்சை மாவுலயே முட்டைக் கலவையை ஊத்தினதுதான் காரணம், அவ்ளோ ஈரத்துக்கு அடியில மாவு வேகாது, ஊறத்தான் செய்யும். அதனால மாவை டின்ல விரிச்சு முள்கரண்டியால குத்தி, மேல பேக்கிங் பேப்பர் போட்டு, மாவு உப்பாம இருக்க கனத்துக்கு காய்ஞ்ச கொண்டைக்கடலையை ரொப்பி 190 டிகிரில 15 நிமிஷம் வைங்க (அந்தக் கடலை இனிமே சுண்டலுக்கு ஆகாது, டப்பால போட்டு வச்சா அடுத்த தடவை இதுக்கே ஆகும்). அப்புறம் கடலையை எடுத்துட்டு இன்னொரு 7, 8 நிமிஷம். தொட்டா காய்ஞ்சு இருக்கணும். சூடா இருக்கும்போதே கொஞ்சம் வெள்ளைக்கரு தடவி ரெண்டு நிமிஷம் திரும்ப உள்ள வச்சா ஈரம் இறங்காம அடைச்சுக்கும்.

மாவுக்கு 200 கிராம் மைதான்னா 100 கிராம் பட்டர், ஃப்ரிட்ஜ்ல இருந்து அப்பதான் எடுத்ததா இருக்கணும். நம்ம கை பழக்கத்துல சப்பாத்தி மாவு மாதிரி அடிச்சு பிசைஞ்சிடுவோம், அங்கதான் தப்பு, இழுவை வந்துடும், ஓவன்ல போனதும் ஓரமெல்லாம் சுருங்கி கீழ இறங்கிடும். விரல் நுனியால ரவை பதத்துக்கு உதிர்த்து, ஐஸ் தண்ணி மூணு நாலு ஸ்பூன் விட்டு சேர்த்துப் பிடிச்சா போதும். அரை மணி நேரம் ஃப்ரிட்ஜ்ல வச்சுட்டு அப்புறம் தேய்ங்க.

உள்ள ஊத்தற கலவைக்கு 3 முட்டை, 300 மில்லி க்ரீம். பாதி பால் பாதி க்ரீம் கூட ஓகே, ஆனா கொழுப்பு எடுத்த பால் மட்டும் ஊத்தினா தண்ணி விடும். முட்டையைக் கூட்டினா ஆம்லெட் ஆயிடும். மிக்ஸில அடிக்காதீங்க ப்ளீஸ், நுரை வந்து ஓவன்ல உப்பி வெளிய வந்ததும் தொப்புன்னு அமுங்கிடும்.

சீஸ் 100 கிராம் தாராளம். க்ரூயேர் கிடைக்கலன்னா கோம்தே, எமென்டால் ரெண்டும் நல்லாருக்கும், துருவின பாக்கெட் வேணாம், ஒட்டாம இருக்க மாவு தூவியிருப்பாங்க, சரியா உருகாது. சீஸ்லயே உப்பு இருக்கு, பாத்துப் போடுங்க. ஜாதிக்காய் ஒரு துளி. காளான், கீரை சேர்க்கறவங்க தண்ணி சுண்டற வரைக்கும் வதக்கிட்டு சேருங்க.

கலவை ஊத்தினப்புறம் ஓவனை 165 டிகிரிக்கு குறைக்க மறந்துடறோம். சூடு ஏறினா முட்டை திரிஞ்சு ஓட்டை ஓட்டையா தண்ணி பிரியும். சுமார் 35 நிமிஷத்துல டின்னை லேசா ஆட்டிப் பாருங்க, ஓரம் அசையக்கூடாது, நடுவுல மட்டும் தளதளன்னு ஆடணும், அப்பவே எடுத்துடுங்க, மிச்சம் அதோட சூட்டுலயே வெந்துடும். கத்தியை எடுக்க 20 நிமிஷம் பொறுங்க. மறுநாளைக்கு மிச்சம் இருந்தா மைக்ரோவேவ் பக்கமே போகாதீங்க, மாவு சவசவன்னு ஆயிடும், 150 டிகிரி ஓவன்ல 10, 15 நிமிஷம் வைங்க.