கல்லோடு வந்த விருந்தாளிகள்

கடல்நீர் மீன்தொட்டிக்கு வாங்கும் 'லைவ் ராக்' என்ற கடல்பாறைத் துண்டில் சின்னச் சின்ன உயிர்களும் ஒளிந்து வரும். அந்தப் புதுக் கல்லைத் தொட்டியில் போட்டதும் உற்றுப் பார்க்காதீர்கள். பகலில் ஒன்றும் தெரியாது. விளக்கு அணைந்து 2 மணி நேரம் போகட்டும். டார்ச்சின் முகத்தில் சிவப்புக் கண்ணாடித் தாளைக் கட்டிக்கொண்டு போங்கள், பெரும்பாலானவை சிவப்பு வெளிச்சத்துக்கு அவ்வளவாக மிரளாது.

எல்லாரும் முதலில் அலறுவது முள்புழுவைப் பார்த்துத்தான். நானும் அலறினேன். இளஞ்சிவப்பு உடல், இரு பக்கமும் வெள்ளை முடிக்கற்றைகள். பெரும்பாலும் மிச்சம் மீதியைத் தின்னும் துப்புரவுப் பணியாளர்தான், விட்டுவிடுங்கள். வெறும் விரலால் மட்டும் தொடாதீர்கள். கண்ணுக்கே தெரியாத அந்த முள்ளை டேப் ஒட்டி ஒட்டி உரித்தெடுத்தவன் சொல்கிறேன். ஆனால் புழு வானவில்லாய் மினுங்கி, தலையில் 5 உணர்கொம்புகள் நீட்டியிருந்தால் அது யூனிசிட் என்ற வேறு வகைப் புழு. சில பவளத்தையும் கடிக்கும். கல்லோடு வெளியே எடுங்கள்.

நண்டா? கொடுக்கின் நுனி கறுப்பு, உடம்பெல்லாம் மயிர் என்றால் நான் யோசிப்பதே இல்லை, வெளியேற்றிவிடுவேன்.

கல்லில் குட்டிப் பனைமரம்போல் பழுப்பாக ஒன்று நின்று, தொட்டவுடன் பொந்துக்குள் சுருங்கினால் ஐப்டேசியா, வேகமாகப் பெருகிப் பவளங்களைக் கொட்டும் சின்னக் கடல் சாமந்தி. அதைச் சுரண்டவே கூடாது, ஒட்டியிருக்கும் துணுக்கிலிருந்தே மறுபடி முளைக்கும். சுண்ணாம்புக் குழம்பை ஊசியில்லா சிரிஞ்சில் எடுத்து, பம்பை நிறுத்திவிட்டு, வாய்மேல் மெதுவாக விடுங்கள்.

இரவில் கண்ணாடியில் 'டிக்' என்று சத்தம் கேட்டால் மற்ற உயிர்களை வேட்டையாடும் மான்டிஸ் இறாலாக இருக்கலாம், பெரும்பாலும் தொல்லை தராத பிஸ்டல் இறாலாகவும் இருக்கலாம். ஆளைப் பார்க்கும்வரை தீர்ப்பெழுதாதீர்கள்.