வெளியூர் போய் வந்தீர்களா? ரத்தம் கொடுக்கும் முன் சொல்லிவிடுங்கள்

காட்பாடியில் ரயிலை விட்டு இறங்கியதும் நேராக வேலூர் சிஎம்சி மருத்துவமனை ரத்த வங்கிக்கு ஓடுகிறவர்கள் உண்டு. சொந்தக்காரருக்கு ஆபரேஷன் என்றால் யாருக்குத்தான் பொறுமை இருக்கும்? சரி, ஆனால் எங்கே போய் வந்தீர்கள் என்பதைப் படிவத்தில் மறைக்காதீர்கள்.

மலேரியாக் கிருமி சிவப்பணுவுக்குள்ளேயே குடியிருக்கும். காய்ச்சல் இல்லாதவர் ரத்தத்திலும் இருக்கலாம். மலேரியா வந்து முழுசாகக் குணமானவர் அப்புறம் 3 மாதம் பொறுக்க வேண்டும் என்பது நம் நாட்டு விதி. டெங்கு வந்திருந்தால் 6 மாதம். டெங்கு பரவும் ஊருக்குச் சும்மா போய் வந்து, காய்ச்சலே இல்லாவிட்டாலும் 4 வாரம். வேலூர் பக்கத்தில் ராணுவக்காரர்கள் நிறைந்த கம்மவான்பேட்டைக்கு, வெளியூர் வேலையிலிருந்து லீவில் வருகிறவர்கள் இதைக் கவனிக்கலாம். ஆப்பிரிக்கா போவதற்காக மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டவர்கள், இன்னும் கிளம்பவே இல்லை என்றாலும் 28 நாள் கொடுக்க முடியாது. பலருக்கு இது தெரிவதில்லை.

ராத்திரி முழுக்கத் தூங்காமல் பஸ்ஸில் வந்த அன்றே கொடுக்கவும் வேண்டாம். சாப்பிட்டு, தூங்கி, மறுநாள் போங்கள். பயணத் தேதி, போட்ட ஊசி, சாப்பிட்ட மாத்திரை எல்லாவற்றையும் செல்போனில் குறித்துக்கொண்டு போனால் கேட்டவுடன் சொல்லிவிடலாம்.