ஏற்றியும் சுழியம் வந்த ஒப்படை

பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடத்தில் ஒரு பாடத்துக்குத் தொடர் மதிப்பீடு 40, இறுதிப் பரீட்சை 60. அந்த 40இல் இந்த ஒப்படைக்கு மட்டும் 20. விடுமுறைக்குப் புதுக்குடியிருப்பில் வீட்டில் நின்றேன். சிக்னல் பிடிக்கக் கிணற்றடி மாமரத்துக்குக் கீழே போய் நின்றுதான் கோப்பை மூடுலில் (ஒப்படைகளை இணையத்தில் கொடுக்கும் தளம், Moodle) ஏற்றினேன். இரவு 10.42. கெடு 11.59. நிம்மதியாகப் படுத்துவிட்டேன்.

புள்ளி வந்தபோது சுழியம்.

முதலில் கோபம்தான் வந்தது. சரி, பக்கத்தைத் திறந்து பார்ப்போம் என்று பார்த்தால், கோப்பு இருக்கிறது, நிலை மட்டும் 'வரைவு'. மூடுலில் விரிவுரையாளர் அப்படி அமைத்திருந்தால், ஏற்றினால் மட்டும் போதாது. அதன்பின் 'சமர்ப்பி' பொத்தானையும் அழுத்த வேண்டும். அழுத்தாதது என் பிழை.

மீளாய்வுக்கு விண்ணப்பிக்கத்தான் நினைத்தேன். சீனியர் அண்ணா ஒருவர் தடுத்தார்: "அது பரீட்சை விடைத்தாளுக்கடா. இதுக்கு முதல்ல சேருக்கு எழுது." எழுதினேன். சுட்டெண், பாடக் குறியீடு, 'கடைசியாக மாற்றிய நேரம் 10.42' என்று தெரியும் திரைப்படம் (சினிமா இல்லை, ஸ்கிரீன்ஷாட்!), கெடுவுக்குப் பிறகு கோப்பைத் தொடவில்லை என்ற ஒரு வரி. அழுகைக் கதை எதுவும் எழுதவில்லை. ஒரு பிரதியைத் துறைத் தலைவருக்கும் அனுப்பினேன்.

ஐந்தாம் நாள் சேர் கூப்பிட்டார். "பொத்தான் தெரியேல்லையோ?" என்று கேட்டுச் சிரித்தார். திருத்தி 15 போட்டார், தாமதத்துக்கென்று 2 கழித்தார். 13. அந்த 2க்காக நான் வாய் திறக்கவில்லை.