லண்டனுக்குப் புதிதாக வருகிறீர்களா? வாடகையோடு பஸ்ஸையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்

லண்டனில் வந்து இறங்கும் நம்மவர்கள் முதலில் கேட்பது, "எந்த ஏரியாவில் வாடகை குறைவு?" என்றுதான். அந்தப் பதிலை மட்டும் வைத்துக்கொண்டு ரூம் எடுத்துவிடாதீர்கள். இந்த ஊரில் வாடகைக்கு அடுத்தபடி கையைக் கடிப்பது போக்குவரத்து. இரண்டையும் கூட்டிப் பார்த்த பிறகே ரூமை முடிவு செய்யுங்கள்.

டியூப் என்கிற நிலத்தடி ரயிலின் கட்டணம் ஸோன் கணக்கில் ஏறும். நகரின் நடு முதல் ஸோன், அதைச் சுற்றி வளையம் வளையமாக இரண்டு, மூன்று என்று போகும். டூட்டிங் மூன்றாம் ஸோன், வெம்பிளியும் இல்ஃபோர்டும் நான்கு, ஹாரோ ஐந்து. நகரின் நடுவிலிருந்து தள்ளிப் போகப் போக வாடகை இறங்கும், ரயில் செலவு கூடும். பஸ்ஸுக்கு இந்த ஸோன் கணக்கே கிடையாது. எங்கே ஏறி எங்கே இறங்கினாலும் ஒரே கட்டணம். 2025-இல் அது 1.75 பவுண்டு. முதல் பஸ்ஸில் கார்டை (வங்கிக் கார்டோ, காசு ஏற்றிப் பயன்படுத்தும் ஆயிஸ்டர் என்ற பயணக் கார்டோ) தட்டியதிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் மாறினாலும் மறுபடி காசு பிடிக்க மாட்டார்கள். பஸ்ஸில் மட்டுமே போனால் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று ஓர் உச்சவரம்பும் உண்டு, 2025-இல் அது 5.25 பவுண்டு. ஆகவே வேலைக்கோ கல்லூரிக்கோ நேராக ஒரு பஸ் கிடைக்கும் இடத்தில் ரூம் அமைந்தால், வாடகை சற்றுக் கூடுதலாக இருந்தாலும் மாதக் கடைசியில் பெரும்பாலும் அதுதான் லாபம். நேரம் அதிகம் பிடிக்கும், மறுக்கவில்லை. காலை நேர நெரிசலில் ஒரு தடவை அந்த பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

கார்டு தட்டுவதிலும் சில நுணுக்கங்கள் உண்டு. பஸ்ஸில் காசு வாங்குவது 2014-லேயே நின்றுவிட்டது. ஓட்டுநர் பக்கத்தில் இருக்கும் மஞ்சள் வட்டத்தில் ஏறும்போது ஒருமுறை தட்டினால் போதும், இறங்கும்போது வேண்டாம். டியூபில் உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் தட்ட வேண்டும். வெளியே தட்ட மறந்தால் அதிகபட்சக் கட்டணத்தைப் பிடித்துவிடுவார்கள். காலையில் போனிலும் மாலையில் பிளாஸ்டிக் கார்டிலும் தட்டாதீர்கள். இரண்டும் ஒரே வங்கிக் கணக்கில் இருந்தாலும் தனித்தனி ஆளாகவே கணக்காகும், தினசரி உச்சவரம்பின் பலன் போய்விடும். ஸ்ட்ராட்ஃபோர்ட், ஹைபரி அண்ட் இஸ்லிங்டன் போன்ற, ரயில் மாறும் நிலையங்களில் இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு கருவி நிற்கும். முதல் ஸோனுக்குள் நுழையாமல் சுற்றிப் போகிறவர்கள் அதில் தட்டினால் கட்டணம் குறையும்.

மாணவர்களே, இதைக் கவனியுங்கள். 16-25 ரயில்கார்டு என்ற சலுகை அட்டையை ஆயிஸ்டர் கார்டோடு இணைத்துக்கொண்டால், நெரிசல் இல்லாத நேரங்களில் டியூப், ரயில் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும். டியூப் நிலைய ஊழியரிடம் கேட்டால் அங்கேயே இணைத்துத் தருவார். முழுநேரம் படிப்பவர் என்றால் 25 வயது தாண்டியிருந்தாலும் இந்த ரயில்கார்டு கிடைக்கும். வங்கிக் கார்டோடு இதை இணைக்க முடியாது, ஆயிஸ்டர்தான் வேண்டும்.

இனி ரூம். நேரில் பார்க்காமல் ஒரு பவுண்டுகூட அனுப்பாதீர்கள், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்றாலும் சரி. இங்கிலாந்தில் வழக்கமான வாடகை ஒப்பந்தம் என்றால், டெபாசிட் ஐந்து வார வாடகைக்கு மேல் போகக் கூடாது. அதை 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் ஓனர் போட்டாக வேண்டும். ஆனால் நம்மவர்கள் அதிகம் எடுப்பது ஓனரும் அதே வீட்டில் இருக்கும் ரூம். அதற்கு இந்த டெபாசிட் பாதுகாப்பு பொருந்தாது. அதனால் கொடுத்த தொகை, திருப்பித் தரும் நாள், காலி செய்ய எத்தனை நாள் முன்னறிவிப்பு என்பதையெல்லாம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பில் எல்லாம் வாடகையில் அடக்கமா, குளிர்காலத்தில் ஹீட்டர் எத்தனை மணி நேரம் ஓடும், தினமும் சமைக்கலாமா என்று வெட்கப்படாமல் கேளுங்கள். அந்த முகவரிக்குக் கடிதம் வரலாமா என்பதையும் கேட்டுவிடுங்கள். முகவரிச் சான்று இல்லாமல் வங்கிக் கணக்கு திறக்க அலைய வேண்டியிருக்கும். முழுநேர மாணவர்கள் மட்டுமே இருக்கும் வீட்டுக்கு கவுன்சில் டாக்ஸ் என்ற உள்ளாட்சி வரி கிடையாது. யாராவது பங்கு கேட்டால் கொடுக்கும் முன் விசாரியுங்கள்.

சாமான் வாங்க, அரிசி பருப்புக்கு ஈஸ்ட்ஹாம், டூட்டிங் பக்கத்துத் தமிழ்க் கடைகள். பால், ரொட்டி, காய்க்கு லிடில், ஆல்டி என்ற மலிவு விலை சூப்பர்மார்க்கெட்கள். பெரிய சூப்பர்மார்க்கெட்களில் அன்றைக்குள் விற்றாக வேண்டிய பொருளுக்கு மஞ்சள் லேபிள் ஒட்டி விலையைக் குறைப்பார்கள், மாலையில் அந்த ரேக்கைப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை பெரிய கடைகள் சட்டப்படி ஆறு மணி நேரம்தான் திறந்திருக்கும், இரவு போய்ப் பூட்டிய கதவைப் பார்க்காதீர்கள். குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம். கனமான கோட்டைப் பெட்டியில் அடைத்துக்கொண்டு வர வேண்டாம். ஆக்ஸ்ஃபாம் போன்ற அறக்கட்டளைக் கடைகளில் நல்ல கோட்டுகள் குறைந்த விலையில் கிடைக்கும். ஷூ மட்டும் புதிதாக, தண்ணீர் புகாததாக வாங்குங்கள்.

ஊர் சுற்றிப் பார்க்கக் காசு தேவையில்லை என்றே சொல்வேன். பிரிட்டிஷ் மியூசியத்தில் பொதுக்காட்சி இலவசம், வெள்ளிக்கிழமைகளில் இரவு 8.30 வரை திறந்திருக்கும். ஆந்திராவின் அமராவதி ஸ்தூபியின் சுண்ணாம்புக்கல் சிற்பங்கள் அங்கே இருக்கின்றன. திப்பு சுல்தானின் மரப்புலி விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்தில், அதற்கும் கட்டணமில்லை. 15ஆம் எண் பஸ்ஸின் மாடியில் முன் இருக்கை கிடைத்தால் விடாதீர்கள். டவர் ஹில், செயின்ட் பால்ஸ், ஃப்ளீட் ஸ்ட்ரீட் எல்லாம் பெரிய கண்ணாடிக்கு நேரே வந்து போகும். சுற்றுலா பஸ்ஸுக்கு அழும் காசு மிச்சம். நகர நடுவில் முடிந்தவரை நடங்கள். லெஸ்டர் ஸ்கொயருக்கும் கோவென்ட் கார்டனுக்கும் இடையே 260 மீட்டர்தான், அதற்கும் டியூப் முழுக் கட்டணம் வாங்கும்.

ஒரே ஒரு வேலையைத் தள்ளிப்போடாதீர்கள்: முதல் வாரத்திலேயே பக்கத்து ஜிபி என்கிற பொது மருத்துவரிடம் பதிவு செய்யுங்கள். இலவசம். முகவரிச் சான்றோ விசா விவரமோ கட்டாயமில்லை. ரிசப்ஷனில் கேட்டால் இதைப் பணிவாக, உறுதியாகச் சொல்லுங்கள். உயிருக்கு ஆபத்தில்லாத, ஆனால் தள்ளிப்போட முடியாத உபாதைக்கு 111-ஐ அழையுங்கள், உயிருக்கு ஆபத்து என்றால் 999. பல் மருத்துவம் வேறு கதை. அரசுத் திட்டத்தில் புதியவர்களைச் சேர்த்துக்கொள்ளும் பல் மருத்துவர் கிடைப்பது கடினம், தனியாரிடம் செலவு அதிகம். சொத்தைப் பல் இருந்தால் விமானம் ஏறும் முன்பே சரிசெய்துகொண்டு வாருங்கள்.