ஓட்டை அடைபட்டதா என்று நாமே பார்ப்பது எப்படி? ஹார்ட்பிளீடை வைத்து ஒரு செய்முறை

2014 ஏப்ரல் 7 அன்று, இணையத் தொடர்புகளைப் பூட்டிப் பாதுகாக்கும் ஓபன்எஸ்எஸ்எல் மென்பொருளின் குழு 1.0.1-ஜி என்ற பதிப்பை வெளியிட்டது. ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டைக்கான திருத்தம் அதில் இருந்தது. ஒரே வாரத்தில், ஏப்ரல் 14 அன்று, கனடாவின் வருவாய்த்துறை ஒரு செய்தி சொன்னது: இதே ஓட்டை வழியாக ஆறு மணி நேரத்துக்குள் ஏறத்தாழ 900 பேரின் சமூகக் காப்பீட்டு எண்களை யாரோ எடுத்துவிட்டார்கள்.

திருத்தம் வெளியாவது வேறு, அது நம் கணினிக்கு வந்து வேலை செய்வது வேறு. கட்டற்ற மென்பொருளில் முதல் பாதியை யாரோ நமக்காகச் செய்து தருகிறார்கள். அடுத்த பாதி நம் கையில்தான் இருக்கிறது. அதை எப்படிச் செய்வது என்று பார்ப்போம். டெபியன் அல்லது உபுண்டு (இரண்டும் லினக்ஸ் வகைகள்) உள்ள கணினி ஒன்று இருந்தால் போதும். கட்டளைகளைத் தமிழில் எழுதியிருக்கிறேன், தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள்.

படி 1: எண்ணைக் கண்டுபிடியுங்கள்

ஹார்ட்பிளீட், லாக்ஃபோர்ஷெல் (2021-ல் வெளியான இன்னொரு ஓட்டை) போன்ற பெயர்கள் செய்திக்கு உதவும், தேடலுக்கு அவ்வளவாக உதவாது. வெளியில் தெரிந்த ஓட்டைகளில் பெரும்பாலானவற்றுக்குச் சிவிஇ எண் என்ற பொதுவான அடையாள எண் உண்டு. ஹார்ட்பிளீடின் எண் சிவிஇ-2014-0160. முதலில் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். இனி எந்தப் பக்கத்தில் தேடினாலும் இந்த எண்ணைப் போட்டுத்தான் தேட வேண்டும்.

எண்ணின் நடுவில் உள்ள ஆண்டை ஓட்டை பிறந்த ஆண்டு என்று நினைக்காதீர்கள். பிழையுள்ள நிரல் ஓபன்எஸ்எஸ்எல்லில் சேர்ந்தது 2011 டிசம்பர் 31-ல். 2012 மார்ச்சில் 1.0.1 பதிப்போடு அது உலகம் முழுக்கப் போனது. இரண்டு வருடம் யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்று திறந்தே கிடந்த நிரல் அது. கூகுளின் நீல் மேத்தாவும் பின்லாந்தின் கோடினாமிகான் நிறுவனத்தாரும் 2014-ல்தான் தனித்தனியாக அதைக் கண்டுபிடித்தார்கள். நிரல் திறந்திருந்தால் மட்டும் போதாது, உட்கார்ந்து படிக்கவும் ஆள் வேண்டும். ஓபன்எஸ்எஸ்எல்லுக்கு அப்போது வழக்கமாக வந்த நன்கொடை ஆண்டுக்குச் சுமார் 2,000 டாலர்தான். இணையத்தில் பாதுகாப்பான தொடர்புகளில் பெரும்பகுதியைத் தாங்கிய மென்பொருளுக்கு இவ்வளவுதானா என்று இன்றும் மனம் கனக்கிறது.

படி 2: என்ன தவறு என்று புரிந்துகொள்ளுங்கள்

இந்தப் படியை யாரும் தாண்டிப் போகாதீர்கள். என்ன தவறு என்று தெரிந்தால்தான் எதையெல்லாம் மாற்ற வேண்டும் என்று பின்னால் முடிவு செய்ய முடியும்.

இரண்டு கணினிகளுக்கு இடையே பாதுகாப்பான இணைப்பு இருக்கும்போது, எதிர்ப்பக்கம் இன்னும் இருக்கிறதா என்று பார்க்க ஒரு சின்னச் செய்தி போகும். அதற்கு ஹார்ட்பீட் என்று பெயர். அதில் வகையைச் சொல்ல 1 பைட், செய்தியின் நீளத்தைச் சொல்ல 2 பைட், அப்புறம் செய்தி, கடைசியில் குறைந்தது 16 பைட் வெற்று நிரப்பல். எதிர்ப்பக்கம் அந்தச் செய்தியை அப்படியே திருப்பி அனுப்ப வேண்டும்.

'வணக்கம்' என்று அனுப்புகிறோம் என்று வைத்துக்கொள்வோம். எழுத்துகளைக் கணினியில் குறிக்கும் யூடிஎஃப்-8 முறையில் அது 21 பைட். நீளத்தில் 21 என்று போட்டால் சர்வர் வணக்கத்தைத் திருப்பி அனுப்பும். ஒருவர் வணக்கத்தை மட்டும் அனுப்பிவிட்டு, நீளம் 65,535 என்று பொய் சொன்னால்? 2 பைட்டில் எழுத முடிகிற மிகப் பெரிய எண் அதுதான். பழைய ஓபன்எஸ்எஸ்எல் அந்தப் பொய்யை நம்பியது. வந்தது எவ்வளவு என்று எண்ணிப் பார்க்காமல், வணக்கத்தில் தொடங்கி நினைவகத்தில் அதற்கு அடுத்து இருந்ததையெல்லாம் 65,535 பைட் வரை நகலெடுத்து அனுப்பிவிட்டது. அதில் வேறொருவர் சற்று முன்பு தட்டிய கடவுச்சொல் இருக்கலாம், சர்வரின் பிரைவேட் கீயே (அதன் ரகசியச் சாவி) இருக்கலாம். எத்தனை முறை வேண்டுமானாலும் இப்படிக் கேட்கலாம், வழக்கமான பதிவேடுகளில் தடயமும் இருக்காது.

படி 3: திருத்தத்தைப் படியுங்கள்

நிரல் எழுதத் தெரியாதவர்களும் இதைச் செய்து பார்க்கலாம். ஓபன்எஸ்எஸ்எல்லின் கிட் களஞ்சியத்தில் (நிரலையும் அதில் செய்த மாற்றங்களையும் சேமித்து வைக்கும் இடம்) சிவிஇ எண்ணைப் போட்டுத் தேடுங்கள். திருத்தப் பக்கத்தில் நீக்கிய வரிகள் சிவப்பிலும் சேர்த்த வரிகள் பச்சையிலும் தெரியும். பச்சையில் 'இஃப்' (இப்படியென்றால்) என்று தொடங்கும் வரியை முதலில் தேடுங்கள். இந்த மாதிரி ஓட்டைகளில் பெரும்பாலும் ஒரு சோதனை விட்டுப்போயிருக்கும், அதைத்தான் புதிதாகச் சேர்த்திருப்பார்கள்.

இங்கே சேர்த்த சோதனை இதுதான்: 1 + 2 + சொன்ன நீளம் + 16, இந்தக் கூட்டுத்தொகை உண்மையில் வந்த அளவைவிட அதிகமா? அதிகமென்றால் பதில் சொல்லாமல் அந்தச் செய்தியை விட்டுவிடு. படி 2-ல் பார்த்த அதே 1, 2, 16. ஹார்ட்பீட்டுக்கான விதிமுறை ஆவணத்திலேயே, நீளம் பொருந்தாத செய்தியைச் சத்தமில்லாமல் கைவிட வேண்டும் என்று இருக்கிறது. நிரலில் அது விட்டுப்போயிருந்தது. திருத்தத்தைத் தயாரித்தவர்கள் ஆடம் லாங்லியும் போடோ மோலரும்.

முதல் திருத்தமே கடைசித் திருத்தம் என்று நினைத்துவிடாதீர்கள். 2021 டிசம்பரில், லாக்ஃபோர்ஷெல் ஓட்டை இருந்த லாக்ஃபோர்ஜே மென்பொருளுக்கு 2.15.0 வந்தது. அது முழுமையாக அடைக்கவில்லை என்று 2.16.0 வந்தது, பிறகு இன்னொரு சிக்கலுக்காக 2.17.0. அதனால் அந்தச் சிவிஇ பக்கத்தை ஒரு வாரம் கழித்து மறுபடியும் பாருங்கள்.

படி 4: உங்கள் கணினிக்கு வந்துவிட்டதா?

புதியவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். பாதிப்பு 1.0.1 முதல் 1.0.1-எஃப் வரை, சரியானது 1.0.1-ஜி என்று படித்திருப்பீர்கள். அன்று டெபியனின் 'வீசி' என்ற வெளியீட்டை வைத்திருந்தவர் பார்த்தால் 1.0.1-இ என்றுதான் காட்டும். ஓட்டை இன்னும் இருக்கிறது என்று பதறத் தேவையில்லை. டெபியன் போன்றவர்கள் நிலையான வெளியீட்டில் பதிப்பை மாற்றாமல், திருத்தத்தை மட்டும் எடுத்துப் பழைய பதிப்பில் ஒட்டுவார்கள். முழு எண்ணைப் பார்த்தால் 1.0.1இ-2+டெப்7யு5 என்று இருக்கும். அந்தக் கடைசி யு5-ல்தான் திருத்தம் இருக்கிறது.

எனவே முதலில் தெரியும் பதிப்பு எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். டெபியன், உபுண்டு இரண்டுக்கும் பாதுகாப்புப் பக்கங்கள் உண்டு. அங்கே சிவிஇ எண்ணைக் கொடுத்தால் எந்த வெளியீட்டில் எந்தப் பேக்கேஜ் (நிறுவும் மென்பொருள் பொதி) எண்ணில் சரியானது என்று காட்டும். டெர்மினலில் (கட்டளை தட்டும் சாளரம்) 'ஆப்ட் சேஞ்ச்லாக் ஓபன்எஸ்எஸ்எல்' என்று கொடுத்தும் மாற்றக் குறிப்புகளில் அந்த எண்ணைத் தேடலாம்.

படி 5: புதுப்பியுங்கள், பிறகு மறுதொடக்கம்

'சூடோ ஆப்ட் அப்டேட்', அப்புறம் 'சூடோ ஆப்ட் அப்கிரேட்'. இது எல்லாருக்கும் தெரியும். தெரியாமல் விடுவது இதற்கு அடுத்தது. வட்டில் கோப்பு மாறினாலும், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் வெப் சர்வர் நினைவகத்தில் பழைய நிரலையே வைத்திருக்கும். அதை நிறுத்தித் தொடங்கும்வரை ஓட்டை அப்படியேதான் இருக்கும். இதற்காகவே டெபியன் யு6 என்று இன்னொரு பேக்கேஜ் விட்டது: ஓபன்எஸ்எஸ்எல்லைப் பயன்படுத்தும் சேவைகளைப் பார்த்து, மறுதொடக்கம் செய்யட்டுமா என்று அது கேட்கும். இன்று 'நீட்ரீஸ்டார்ட்' என்ற கருவி அந்த வேலையைச் செய்கிறது. சந்தேகமாக இருந்தால் கணினியையே மறுதொடக்கம் செய்துவிடுங்கள்.

படி 6: கசிந்திருக்கக் கூடியதை மாற்றுங்கள்

திருடன் கையில் சாவி இருக்கும்போது கதவைப் பழுதுபார்த்து என்ன பயன்? பிரைவேட் கீ போயிருக்கலாம் என்று படி 2-லேயே பார்த்தோம். சர்வர் வைத்திருப்பவர் புதிய கீ உருவாக்கி, அதற்குப் புதிய சான்றிதழ் (தளம் உண்மையானது என்று காட்டுவது) வாங்கி, பழைய சான்றிதழை ரத்து செய்ய வேண்டும். அதற்குப் பிறகுதான் பயனர்கள் கடவுச்சொல்லை மாற்ற வேண்டும். ஓட்டை அடைபடும் முன்பே மாற்றினால் புதிய கடவுச்சொல்லும் அதே வழியில் கசிந்துவிடும்.

எல்லா ஓட்டைக்கும் இந்தப் படி வேண்டாம். வெறுமனே நிரலை முடக்கும் ஓட்டை என்றால் புதுப்பித்தாலே போதும்.

படி 7: நீங்களே ஒன்றைக் கண்டுபிடித்தால்

2024-ல் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற போஸ்ட்கிரெஸ் (ஒரு தரவுத்தள மென்பொருள்) நிரலாளர், தன் கணினியில் எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் வழி) நுழைவுக்கு 0.3 விநாடிக்குப் பதில் 0.8 விநாடி ஆவதைக் கவனித்தார். காரணத்தைத் தேடிப் போனவருக்கு கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ வேண்டுமென்றே வைத்த பின்வாசல் (ரகசிய நுழைவழி) கிடைத்தது. அவர் உடனே ஊருக்கெல்லாம் சொல்லவில்லை. முதலில் டெபியன் பாதுகாப்புக் குழுவுக்கும் மற்ற லினக்ஸ் விநியோகங்களின் (டெபியன் போன்ற லினக்ஸ் வகைகள்) தனிக் குழுவுக்கும் தெரிவித்துவிட்டு, மார்ச் 29 அன்று பொதுவில் எழுதினார்.

நீங்களும் அந்த வரிசையிலேயே போங்கள். திட்டத்தின் களஞ்சியத்தில் 'செக்யூரிட்டி' என்று ஒரு கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள், யாருக்குத் தனியாக எழுத வேண்டும் என்று அதில் இருக்கும். எல்லாரும் பார்க்கும் வழுப் பட்டியலில் போடாதீர்கள். எந்தப் பதிப்பு, என்ன செய்தால் சிக்கல் வருகிறது, என்ன வந்திருக்க வேண்டும், என்ன வந்தது என்ற நான்கையும் எழுதுங்கள். காரணம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, ஃப்ராய்ண்ட் பார்த்த அரை விநாடி போல ஒன்று கண்ணில் பட்டால் அதையே எழுதி அனுப்புங்கள்.