வெள்ளிக்கிழமை ஜெபத்துக்குப் பத்து நிமிடச் செய்தி தயாரிப்பது எப்படி?

வீட்டு ஜெபக்கூட்டம் முடிந்து காப்பி குடிக்கும் நேரத்தில் ஐயரம்மா, அதாவது சபைக் குருவானவரின் மனைவி, நம் பக்கம் திரும்பி, “அடுத்த வாரம் நீங்க செய்தி கொடுங்க” என்று, வசனத்தை வைத்து ஒரு சின்னப் பிரசங்கம் செய்யச் சொல்லிவிட்டால் போதும், பலருக்கும் அந்த வாரம் முழுவதும் கலக்கம்தான். வேதாகமக் கல்லூரியில் படித்தவர்களுக்குத்தான் அதெல்லாம் வரும் என்று நினைக்கிறோம். கடைசியில் வாட்ஸ்அப்பில் வந்த ஒரு தியானத்தை வாசித்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறோம். கேட்டவர்களுக்கும் அது ஒட்டுவதில்லை, வாசித்தவருக்கும் ஒட்டுவதில்லை.

நான் பாளையங்கோட்டையில் வீட்டிலேயே இட்லி மாவு ஆட்டி விற்கிறேன். எங்கள் பகுதியில் கூடுகிற பெண்கள் ஜெபத்தில் என் முறை வரும்போதெல்லாம் என் வேலையிலிருந்துதான் செய்தியை எடுக்கிறேன். இயேசு உப்பையும் விளக்கையும் வலையையும் விதையையும் வைத்துத்தான் பேசினார். கேட்டவர்கள் அன்று காலையில் தொட்டுவிட்டு வந்த பொருட்கள் அவை. அந்த வழியில் நாமும் போகலாம். அதற்கு நான் செய்கிற முறையைச் சொல்கிறேன்.

முதலில், உங்கள் கை நன்றாக அறிந்த ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள். அற்புதமாக நடந்த காரியம் எதையும் தேடிப் போக வேண்டாம். தையல் தெரிந்தவர் தையலை எடுக்கட்டும், ரேஷன் கடையில் நிற்பவர் அந்த வரிசையை எடுக்கட்டும். பிறகு, வேதாகமத்தைத் திறப்பதற்கு முன்னால், அந்த வேலை எப்படி நடக்கிறது என்று ஒரு நோட்டில் உள்ளது உள்ளபடி எழுதுங்கள். இதை அவசரப்பட்டுத் தாண்டிவிடாதீர்கள். “மாவு புளித்தது, நம் வாழ்க்கையும் அப்படித்தான்” என்று முதல் வரியிலேயே பாடத்துக்குத் தாவினால் செய்தி வெறும் வார்த்தையாகிவிடும்.

என் நோட்டில் இருப்பது இப்படி: நாலு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, கொஞ்சம் வெந்தயம். உளுந்தைத் தனியாக ஆட்ட வேண்டும். தண்ணீரைத் தெளித்துத் தெளித்து ஆட்டினால் பஞ்சு மாதிரி உப்பி வரும். அரிசி மாவில் கையை விட்டால் லேசாக நறநறவென்று இருக்க வேண்டும். இரண்டையும் கல்லுப்புப் போட்டுக் கையால் கலக்கி, பாத்திரத்தில் மேலே மூன்றில் ஒரு பங்கு இடம் விட்டு மூடி வைக்க வேண்டும். சித்திரை வெயிலில் சாயங்காலம் வைத்த மாவு நடுராத்திரியிலேயே பொங்கி வழியும். மார்கழியில் விடிந்த பிறகும் அசையாமல் கிடக்கும். பொங்கின மாவில் கரண்டியை விட்டால் உள்ளே சின்னச் சின்னக் குமிழி உடைகிற சத்தம் கேட்கும். வெளியிலிருந்து நான் எதையும் சேர்ப்பதில்லை. உளுந்திலும் அரிசியிலும் ஏற்கெனவே இருக்கிற நுண்ணுயிர்களே மாவைப் பொங்க வைக்கின்றன.

எழுதி முடித்த பிறகு வசனத்தைத் தேடுங்கள். கைபேசியில் தமிழ் வேதாகமம் இருந்தால் தேடுவது எளிது. ஆனால் நாம் பேசுகிற சொல்லைப் போட்டால் சில சமயம் ஒன்றும் வராது. “புளித்த மாவு” கிடைக்கவில்லையா, “புளித்தமா” என்று போட்டுப் பாருங்கள். எந்தச் சொல் எந்த வசனத்தில் வருகிறது என்று காட்டும் பழைய ஒத்தவாக்கியப் புத்தகம் வைத்திருப்பவர்கள் அதையே பார்க்கலாம். எனக்குக் கிடைத்தது மத்தேயு 13:33. “பரலோகராஜ்யம் புளித்தமாவுக்கு ஒப்பாயிருக்கிறது, அதை ஒரு ஸ்திரீ எடுத்து, முழுவதும் புளிக்கும்வரைக்கும் மூன்றுபடிமாவிலே அடக்கிவைத்தாள்.”

இப்போது நோட்டில் நடுவே ஒரு கோடு போடுங்கள். ஒரு பக்கம் ஒத்துப்போகிறவை, இன்னொரு பக்கம் ஒத்துப்போகாதவை. ஒத்துப்போகிறவை உடனே வந்துவிடும்: புளிப்பது கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது, நேரம் எடுக்கிறது, மாவு முழுவதும் மாறுகிறது. இதைக் கூட்டத்தில் இருக்கிற எல்லாருமே நாலைந்து முறையாவது கேட்டிருப்பார்கள். நான் அதில் ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்க மாட்டேன். ஒத்துப்போகாத பக்கம்தான் எனக்கு முக்கியம். நம் வேலை மாதிரியே இருந்துவிட்டு, ஓரிடத்தில் வேதம் வேறு பக்கம் திரும்பும். அந்தத் திருப்பத்தில்தான் நமக்குத் தெரியாத ஒன்றை அது சொல்கிறது.

என் மாவு தானாகவே புளிக்கும். அந்த ஸ்திரீயின் மாவு அப்படி இல்லை. முந்தின தடவை பிசைந்து புளித்த மாவில் கொஞ்சம் எடுத்து வைத்திருந்து, புது மாவுக்குள் அதைச் சேர்ப்பது அந்த ஊர் வழக்கம். ஒருத்தி எடுத்து உள்ளே வைத்தால்தான் அந்த மாவு மாறும். இதைப் பார்த்ததும் எனக்கு என் பிள்ளைகளின் ஞாபகம் வந்தது. கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்துவிட்டார்கள், ஞானஸ்நானம் ஆயிற்று, ஓய்வுநாள் பள்ளிக்கும் போகிறார்கள், விசுவாசம் தானாகப் பொங்கி வந்துவிடும் என்று என் இட்லி மாவைப் போலவே நாம் இருந்துவிடுகிறோம். உவமையில் அது தானாக வரவில்லை. வெளியிலிருந்து வருகிறது, ஒரு கை அதை உள்ளே வைக்கிறது. தேவனுடைய ராஜ்யம் எனக்குள் ஏற்கெனவே இருந்த நல்ல குணம் வளர்ந்து வந்தது இல்லை, எனக்குக் கொடுக்கப்பட்டது. இதை நினைக்கும்போது எனக்கு இப்போதும் மனம் நிறைகிறது.

இன்னொரு வித்தியாசம் அளவு. அந்தக் காலத்து மூன்று படி என்பது நூறு பேருக்கு அப்பம் சுடப் போதும் என்று வேத விளக்கம் எழுதுகிறவர்கள் சொல்கிறார்கள். வியாபாரத்துக்கு ஆட்டுகிற எனக்கு அந்த அளவு உடனே கண்ணில் பட்டது. ஒரு வீட்டுப் பெண் ராச்சாப்பாட்டுக்கு அவ்வளவு மாவு பிசைய மாட்டாள், விருந்துக்குத்தான் பிசைவாள். ஆதியாகமம் 18-இல் மம்ரேயின் சமபூமியில் மூன்று பேர் வந்து நின்றபோது ஆபிரகாம் சாராளிடம் எடுக்கச் சொன்னதும் இதே மூன்று படிதான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஒரு பொருள் வேதத்தில் எல்லா இடத்திலும் ஒரே அர்த்தத்தில் வரும் என்று எண்ணிவிடாதீர்கள். இஸ்ரவேலர் எகிப்திலிருந்து விடுதலையானதை நினைக்கும் பஸ்கா பண்டிகையின்போது புளித்தமாவை வீட்டிலிருந்தே அகற்றச் சொல்கிறது யாத்திராகமம் 12. பரிசேயரின் புளித்தமாவைக் குறித்து எச்சரிக்கையாயிருங்கள் என்று இயேசுவே சொல்கிறார். 1 கொரிந்தியர் 5-இல் பவுலும் அதைக் கெட்டதற்குத்தான் அடையாளமாக வைக்கிறார். ஆகவே கிடைத்த முதல் வசனத்தோடு நிறுத்தாமல் மற்ற இடங்களையும் வாசியுங்கள். எல்லாவற்றையும் கூட்டத்தில் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் யாராவது கேட்டால் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அப்புறம், வசனத்தை மட்டும் பார்க்காமல் அதிகாரம் முழுவதையும் வாசிப்பது. இதற்கு எங்கள் பக்கத்துப் பிடி அரிசியைச் சொல்கிறேன். உலையில் போட அரிசி அளக்கும்போது ஒரு பிடி எடுத்துத் தனியாக ஒரு டப்பாவில் போட்டு வைப்போம். சேர்ந்ததும் ஆலயத்துக்குக் கொண்டுபோவோம். எங்கள் சபையில் அதை ஏலம் விட்டு, பணத்தை மிஷனெரி காணிக்கையில் சேர்ப்பார்கள். 1903-இல் இதே பாளையங்கோட்டையில் பிற்பாடு பேராயரான வி.எஸ். அசரியாவும் மற்றவர்களும் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியபோது, இந்தியர்களின் பணம், இந்திய ஊழியர்கள், இந்தியர்களின் நிர்வாகம் என்பதையே அடிப்படையாக வைத்தார்கள். அப்படிப்பட்ட ஊரில் அடுக்களை டப்பாவும் ஊழியமும் ஒன்றுக்கொன்று தூரம் இல்லை.

பிடி அரிசி என்றதும் எல்லாரும் 1 இராஜாக்கள் 17-க்குத்தான் போவோம். சாறிபாத் ஊர் விதவையிடம் இருந்தது “ஒரு பிடி மாவும் கலயத்தில் கொஞ்சம் எண்ணெயும்”. பஞ்ச காலத்தில் அவளிடம் வந்த எலியா தீர்க்கதரிசிக்கு முதலில் ஒரு சிறிய அடையைச் சுட்டுக் கொடுத்தாள், பானையில் மாவு தீரவில்லை. நாமும் கொடுத்தால் நமக்கும் குறையாது என்று சொல்லி, ஆமென் போட்டு முடித்துவிடுவது வழக்கம்.

கோடு போட்டுப் பாருங்கள். நாம் எடுப்பது மூட்டையிலிருந்து ஒரு பிடி, அவளிடம் இருந்ததே ஒரு பிடி. நாம் ஆலயத்துக்குப் போகிறவர்கள். அவளோ சீதோன் நாட்டுக்காரி, எலியாவைக் கொல்லத் தேடிய ராணி யேசபேலின் சொந்த நாட்டில் இருந்தவள். எலியாவிடம் பேசும்போதுகூட “உமது தேவனாகிய கர்த்தர்” என்றுதான் சொல்கிறாள். இஸ்ரவேலில் அநேக விதவைகள் இருந்தும் இவளிடத்துக்குத்தான் எலியா அனுப்பப்பட்டான் என்று இயேசு நாசரேத்தில் சொன்னபோது, கேட்டவர்கள் கோபத்தால் நிறைந்து அவரை ஊருக்கு வெளியே தள்ளிக்கொண்டு போனார்கள் (லூக்கா 4). பிடி அரிசி டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு இதைச் சொல்லும்போது, நம் கூடுகைக்கு இதுவரை நாம் கூப்பிடாத பக்கத்து வீட்டுப் பெண் யார் என்று கேட்காமல் இருக்க முடியாது.

இன்னும் இருக்கிறது. 16-ஆம் வசனத்தோடு நிறுத்தினால் மாவு தீரவில்லை என்ற சந்தோஷத்தோடு முடியும். 17-ஆம் வசனத்தில் அவளுடைய மகன் வியாதியில் விழுந்து மூச்சற்றுப் போகிறான். மாவு தீராத வீட்டில்தான் அந்தச் சாவு வந்தது. எலியா அந்தப் பிள்ளையை மேல் அறைக்குத் தூக்கிக்கொண்டு போய்க் கர்த்தரை நோக்கிக் கூப்பிடுகிறான், பிள்ளைக்கு உயிர் திரும்புகிறது. உங்கள் கூட்டத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் ஒருத்தி உட்கார்ந்திருக்கக்கூடும். “கொடுத்தால் எல்லாம் நன்றாக இருக்கும்” என்று அவள் முன்னால் சொல்ல நமக்கு உரிமை இல்லை. அந்த விதவையும் கொடுத்தவள்தான், அவளும் அழுதாள், அவள் வீட்டிலேயே தீர்க்கதரிசி தேவனிடம் கதறினான் என்று முழுவதையும் சொன்னால் அந்தத் தாய் தன்னையும் அந்த வீட்டில் பார்ப்பாள்.

சில காரியங்களை வசனத்தோடு முடிச்சுப் போடவே கூடாது. ஒருவருடைய வியாதி, குழந்தை இல்லாமை, கடன், சாவு இவற்றுக்குக் காரணம் சொல்லும் வேலை நமக்குத் தரப்படவில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் எங்கள் மாவட்டத்திலும் தூத்துக்குடியிலும் பெய்த மழையை யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 செ.மீ. தாமிரபரணி ஊர்களுக்குள் வந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்றுபோய், அக்கம்பக்கத்துக் கிராமத்து மக்கள் பயணிகளுக்குச் சமைத்துப் போட்டார்கள். அதன் பிறகு சில கூட்டங்களில், இது இன்ன பாவத்துக்கு வந்த தண்டனை என்று பேசினதைக் கேட்டேன். எனக்கு அது தாங்க முடியவில்லை. சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோது, எருசலேமில் இருந்த மற்ற எல்லாரையும்விட அவர்கள் குற்றவாளிகளா என்று இயேசு கேட்டு, “அப்படியல்ல” என்று தாமே பதிலும் சொல்லிவிட்டார் (லூக்கா 13). அதே வசனத்தில் மனந்திரும்பச் சொன்னது தமக்கு முன்னால் நின்றவர்களிடம். வெள்ளத்தைப் பற்றிப் பேச வேண்டுமா, ரயிலுக்குச் சோறு கொண்டுபோனவர்களிலிருந்து தொடங்குங்கள்.

அதே போல, தெருவில் நடந்த குடும்பச் சண்டையைப் பெயர் சொல்லாமல் சொல்வதும் வேண்டாம். பெயர் சொல்லாவிட்டாலும் எல்லாருக்கும் தெரியும். உங்கள் வீட்டுக் காரியம் என்றாலும், வீட்டில் உள்ளவர்களிடம் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

சொல்லும்போது வரிசை எளிதாக இருக்கட்டும். பொருளைக் கையோடு கொண்டுபோனால் நல்லது. ஒரு கிண்ணம் மாவை நடுவில் வைத்தால் பாட்டு முடிவதற்குள் எல்லாரும் பார்த்துவிடுவார்கள். முதலில் வேலையைப் பற்றி இரண்டு மூன்று நிமிடம். பிறகு வசனத்தை வேறொருவரை வாசிக்கச் சொல்லுங்கள்; கண் தெரியாத ஆச்சிக்காக மெதுவாக வாசிக்கட்டும். அதற்குப் பிறகு, எங்கே ஒத்துப்போகவில்லையோ அந்த ஒரு காரியம். ஒன்றுதான். மாவு புளித்தது, அளவு, பஸ்கா எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டினால் எதுவும் மனதில் நிற்காது. கடைசியில் ஜெபம். செய்தியில் சொன்னதையே ஜெபத்தில் திரும்பவும் பிரசங்கமாகச் சொல்ல வேண்டாம். “ஆண்டவரே, எங்கள் பிள்ளைகளுக்குள் உம்முடைய ராஜ்யத்தை நீரே வையும்” என்ற ஒரு விண்ணப்பம் போதும்.

வீட்டில் குடும்ப ஜெபத்துக்கு இதையே செய்யலாம். பிள்ளைகளிடம் நாம் சொல்வதைவிட அவர்களிடம் கேட்பது நல்லது. “இதில் நம் வீட்டில் நடக்கிற மாதிரி இல்லாதது எது?” என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். பெரியவர்கள் கவனிக்காததை அவர்கள் பிடித்துவிடுவார்கள்.

எதிலிருந்து தொடங்குவது என்று தெரியாதவர்களுக்குச் சில இடங்கள்: கிழிந்த துணிக்கு ஒட்டுப் போடுவதற்கு மாற்கு 2:21, காணாமல்போன காசுக்காக வீட்டைப் பெருக்குவதற்கு லூக்கா 15:8, தண்ணீர்க் குடத்தை வைத்துவிட்டு ஓடுவதற்கு யோவான் 4:28.

அடுத்த முறைக்கு நான் தராசை எடுத்திருக்கிறேன். “கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது” என்கிறது நீதிமொழிகள் 11:1. ஒரு கிலோ மாவு நிறுக்கும்போது கவரின் எடையைக் கழிக்கிறேன், அது சரிதான். ஆனால் மாவு பொங்கி நிற்கும்போது பை நிறைய இருப்பதாகத் தெரியும், அமுங்கினால் பாதியாகத் தெரியும், எடை மாறுவதில்லை. அதில் ஏதோ இருக்கிறது என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். ஒத்துப்போகாத பக்கம் இன்னும் காலியாக இருக்கிறது. உபாகமம் 25-ஐயும் வாசித்துவிட்டுப் பார்க்க வேண்டும்.