டெஸ்டோஸ்டிரோன் டெஸ்ட் எடுக்கிறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க

என் மச்சான் போன வருஷம் மத்தியானம் ஃபுல் பிரியாணி சாப்பிட்டுட்டு சாயங்காலம் நாலு மணிக்கு லேபுக்குப் போய் ரத்தம் குடுத்தாரு, ரிப்போர்ட்ல டெஸ்டோஸ்டிரோன், அதாவது ஆண் ஹார்மோன், 241னு வந்துச்சு, அதைப் பாத்துட்டு ஒரு கிளினிக்ல அன்னைக்கே டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கலாம்னு சொல்லிட்டாங்க. வயசு 34, ரெண்டாவது குழந்தைக்கு வேற பாத்துக்கிட்டு இருந்தாங்க. கெஞ்சிக் கூத்தாடி நிறுத்தி, பத்து நாள் கழிச்சு காலைல எட்டு மணிக்கு வெறும் வயித்துல எடுக்க வெச்சோம். 412.

டெஸ்டோஸ்டிரோன் காலைலதான் உச்சத்துல இருக்கும், போகப் போக இறங்கும், சாப்பிட்டாலும் இறங்கும். அதனால காலைல 7லேர்ந்து 10 மணிக்குள்ள, வெறும் வயித்துல, நல்லா தூங்கி எந்திரிச்சு போங்க. நைட் ஷிஃப்ட் முடிச்ச கையோட போகாதீங்க, காய்ச்சல் வந்த வாரமும் வேண்டாம். முடி கொட்டுதுன்னு பயோட்டின் மாத்திரை போடுறவங்க லேப்ல கண்டிப்பா சொல்லிடுங்க, சில மெஷின்ல அது நம்பரை பொய்யா ஏத்திக் காட்டிடும், டாக்டர்கிட்ட கேட்டுட்டு சில நாள் முன்னாடியே நிறுத்திடுங்க.

ரிப்போர்ட்ல யூனிட்டையும் பாருங்க. டெசிலிட்டருக்கு 412 நானோகிராம்னா மில்லிலிட்டருக்கு 4.12 நானோகிராம், ரெண்டும் ஒண்ணுதான், புள்ளியைப் பாத்து பதறாதீங்க.

ஒரு தடவை கம்மியா வந்தா போதாது, இன்னொரு நாள் காலைலயும் எடுக்கணும். அமெரிக்கன் யூராலஜிக்கல் அசோசியேஷன் சொல்ற கணக்கு, ரெண்டு தடவையும் டெசிலிட்டர் கணக்குல 300க்குக் கீழ இருக்கணும், கூடவே அறிகுறியும் இருக்கணும். ஆசை குறையறது, காலைல விறைப்பு வராம போறது, இதெல்லாம்தான் முக்கியமா பாப்பாங்க. வெறும் அசதின்னா தைராய்டு, சுகர், தூக்கம் இதையெல்லாம் முதல்ல பாத்துடுங்க. உடம்பு பருமனா இருந்தா மொத்த அளவு கம்மியா காட்டும், அப்ப ஃப்ரீ டெஸ்டோஸ்டிரோனையும் (ரத்தத்துல புரதத்தோட ஒட்டாம இருக்கிற பங்கு) கேளுங்க, வெயிட் குறைச்சாலே ஏறவும் ஏறும்.

ரெண்டு தடவையும் கம்மின்னா அடுத்து எல்ஹெச், எஃப்எஸ்ஹெச் டெஸ்ட், விதைப்பையை வேலை செய்ய வைக்கிற பிட்யூட்டரி ஹார்மோன்கள் இவை. ரெண்டும் ஏறியிருந்தா கோளாறு விதைப்பைல, ஏறாம இருந்தா மூளைக்குக் கீழ இருக்கிற பிட்யூட்டரி சுரப்பி பக்கம் பாக்கணும், அந்தச் சுரப்பியோட இன்னொரு ஹார்மோனான புரோலாக்டினும் எடுக்கச் சொல்வாங்க. இதைப் பாக்காம ஊசியை ஆரம்பிச்சா காரணம் உள்ளயே மறைஞ்சு போயிடும்.

குழந்தை வேணும்னு நினைக்கிறவங்க தயவுசெஞ்சு முதல் நாளே டாக்டர்கிட்ட சொல்லிடுங்க. வெளியிலேர்ந்து டெஸ்டோஸ்டிரோன் ஏத்தினா மூளை விதைப்பைக்கு சிக்னல் அனுப்பறதை நிறுத்திடும், விந்தணு எண்ணிக்கை பூஜ்யம் வரைக்கும் கூட போகும், நிறுத்தினாலும் திரும்ப வர மாசக்கணக்கா ஆகும். என் மச்சானுக்கு இதை அந்த கிளினிக்ல ஒருத்தர் கூட சொல்லல, இன்னைக்கும் எனக்கு அது ஆறல.

புராஸ்டேட் கேன்சர், போன ஆறு மாசத்துக்குள்ள ஹார்ட் அட்டாக் இல்ல ஸ்ட்ரோக், சிகிச்சை எடுக்காத மோசமான ஸ்லீப் ஆப்னியா (தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வர்றது), இதுல எது இருந்தாலும் இப்போதைக்கு ஊசி வேண்டாம்னுதான் சொல்வாங்க. நாப்பது தாண்டினவங்களுக்கு பிஎஸ்ஏ டெஸ்ட்டும் (புராஸ்டேட்டுக்கான ரத்தப் பரிசோதனை) பாப்பாங்க. ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஹீமாடோக்ரிட் (ரத்தத்துல சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம்னு பாக்கிற டெஸ்ட்) ஒரு தடவை, அப்புறம் மூணுலேர்ந்து ஆறு மாசத்துல இன்னொரு தடவை எடுங்க, 54 சதவீதத்தைத் தாண்டினா ரத்தம் கெட்டியாகுதுன்னு அர்த்தம், அடுத்த ஊசிக்கு முன்னாடி டாக்டரைப் பாத்துடுங்க.